பின்னால் டிரம் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா? ஆல்ட்ராஸ் ரேசர் – ஐ20 என் லைன் சண்டை

ராணிப்பேட்டை ரேசர்:
புது கார் வாங்க யோசனை கேட்ட ஒரு தம்பிக்கு நம்ம சத்துவாச்சாரி என்லைன் நேற்று இப்படிப் பதில் போட்டிருக்கிறார்: "டாடா ஆல்ட்ராஸ் ரேசரில் பின்னால் டிரம் பிரேக். அதனால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, ஸ்டிக்கர் ஒட்டிய குடும்பக் கார். கண்ணை மூடிக்கொண்டு ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) எடு." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அந்தத் தம்பி பயந்துபோய், கட்டின முன்பணத்தைத் திருப்பி வாங்கலாமா என்று கேட்கிறான். அதனால்தான் தனித் திரி.

தெரியாதவர்களுக்கு: டிரம் என்றால் மூடிய உருளைக்குள் ஷூ உரசி நிறுத்துவது, டிஸ்க் என்றால் திறந்த தட்டை ரெண்டு பக்கமும் பேட் இறுக்கி நிறுத்துவது. கணக்கைப் பார்ப்போம். ரேசரில் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ் சக்தி, 170 நியூட்டன் மீட்டர் இழுவிசை. என் லைனில் 1 லிட்டர், அதுவும் மூன்று சிலிண்டர்தான், 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். சக்தி கிட்டத்தட்ட ஒன்று. ரேசர் 2024 ஜூனில் வந்தபோது ஷோரூம் விலை 9.49 லட்சத்தில் தொடங்கியது. என் லைன் அதற்கு முந்தைய வருஷம் புது முகத்தோடு வந்தபோதே 9.99 லட்சம். கோவை கோஸ்ட் ரேஸ் தடத்தில் ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஓட்டியபோது என் லைனை விடக் குறைந்த நேரத்தில் சுற்றி முடித்தது ரேசர்தான். டிரம் அப்போது எங்கே போயிருந்தது? பதில் வேண்டும்.

சத்துவாச்சாரி என்லைன்:
பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற மாட்டேன். பின்னால் டிரம். பத்து லட்சம் வாங்கிக்கொண்டு, பானெட்டில் பட்டையாக வெள்ளைக் கோடு போட்டு, பெயரையும் ரேசர் என்று வைத்துவிட்டு, பின்னால் டிரம். என் லைனில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், சாதாரண ஐ20யை விட இறுக்கமான சஸ்பென்ஷன், ஸ்டியரிங்கும் அதற்கேற்ற மாதிரி கனமாக வைத்திருக்கிறார்கள். நரேன் ஓட்டின கதையைச் சொல்லாதீர்கள், காரை விற்கிற கம்பெனியே நடத்தின சோதனை அது. பெண் வீட்டுக்காரர் பெண்ணைப் பற்றிக் குறை சொல்வாரா?

போலோ காட்பாடி:
ரெண்டு பேருக்கும் வணக்கம். 120 பிஎஸ் மூன்று சிலிண்டரை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் அடித்துக்கொள்வது எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013ல் வந்தபோது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், தானாக மாறுகிற ஏழு கியர் டிஎஸ்ஜி. 175 நியூட்டன் மீட்டர். உங்கள் ரெண்டு காரும் பத்து வருஷம் கழித்து வந்தும் அந்த எண்ணைத் தொடவில்லை.

சத்துவாச்சாரி என்லைன்:
போலோ அண்ணா, உங்கள் ஜிடிக்குப் பின்னால் என்ன பிரேக்?

போலோ காட்பாடி:
அது இங்கே பேச்சே இல்லை.

சத்துவாச்சாரி என்லைன்:
அதுதான் பேச்சு. திரியின் தலைப்பை மறுபடி படியுங்கள். டிரம். உங்களுடையதும் டிரம்.

ராணிப்பேட்டை ரேசர்:
அப்படியானால் போலோ ஜிடியும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்கிறீர்களா? இந்த ஊரில் கார் பைத்தியம் பிடித்தவர்களில் பாதிப் பேரை உண்டாக்கின வண்டி அது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 விற்கிறார்கள், 204 பிஎஸ்ஸோடு வந்த மின்சாரக் கார், நம்ம வண்டிகளைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம், பின்னால் டிரம். ஜெர்மன்காரனுக்குக் கார் செய்யத் தெரியாதா?

பிரேக் அடித்தால் காரின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கை, முக்கால்வாசிக்குப் பக்கமாக, முன் சக்கரம்தான் செய்கிறது. முன்னால் ரெண்டு காரிலும் டிஸ்க். பின் சக்கரம் பாதி காற்றில் இருக்கிற மாதிரி லேசாகிவிடும்போது அதில் நீங்கள் தங்கத்தில் டிஸ்க் போட்டாலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர்.

சத்துவாச்சாரி என்லைன்:
ஐடி.4 மின்சார வண்டி தம்பி. வேகம் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது, பின் பிரேக் சும்மாவே கிடக்கும், டிஸ்க் போட்டால் துருப்பிடிக்கும் என்றுதான் டிரம் போட்டார்கள். உங்கள் ரேசரில் எந்த மோட்டார் இருக்கிறது? பெட்ரோல் வண்டிக்கு மின்சார வண்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

டயர் என்று நீங்களே ஆரம்பித்ததால் சொல்கிறேன். என் லைனில் 195/55 ஆர்16. ரேசரில் 185/60 ஆர்16. அகலமும் குறைவு, பக்கச் சுவரும் உயரம். டயர்தான் காரை நிறுத்துகிறது என்றால் அந்தக் கணக்கிலும் நீங்கள்தான் பின்னால். பின்னால் டிரம் வேறு.

ஆற்காடு பட்டறை:
நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை, கழற்றுகிறவன். ரெண்டு பேரும் படித்ததைப் பேசுகிறீர்கள், கையில் பார்த்ததை நான் சொல்கிறேன்.

டிரம்மைத் தட்டிக் கழற்றினால் முதலில் கொட்டுவது கறுப்புத் தூள். லைனிங் தேய்ந்து அந்த மாவு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் அது சேறாகி ஷூவின் மேல் ஒட்டிப் பளபளவென்று மெருகேறிவிடும், அப்புறம் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம்தான் வரும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தள்ளிப் பார்த்தால் ஈரம் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அட்ஜஸ்டர் பல்லை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லேசாக உரசுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்ய இன்று பையன்கள் இல்லை. ஆனால் சரியாக வைத்த டிரம் பல வருஷம் பேசாமல் ஓடும், ஹேண்ட்பிரேக் மலையில் கல்லு மாதிரி பிடிக்கும்.

பின் டிஸ்க்கிலும் சீக்கு உண்டு. நம்ம ஊரில் ஆபீஸ் போய் வருகிற வண்டியில் பின் பேட் சரியாக வேலை செய்யாமல் பேடை அழுத்துகிற காலிப்பரின் ஊசி (pin) இறுகிக்கொள்ளும். ஒரு பக்கம் தேயும், இன்னொரு பக்கம் புதுசாக இருக்கும். எதையும் போட்டால் போட்டபடி விடக்கூடாது.

சத்துவாச்சாரி என்லைன்:
பட்டறை அண்ணனே சொல்லிவிட்டார். தூள் வெளியே போக வழியில்லை. சூடும் அப்படித்தான். நன்றி அண்ணே.

ஆற்காடு பட்டறை:
நான் அதை மட்டும் சொல்லவில்லை. முழுசாகப் படிக்கணும்.

ராணிப்பேட்டை ரேசர்:
படிக்க மாட்டார் அண்ணே. அவருக்கு வேண்டிய வரி கிடைத்தால் போதும்.

ஆம்பூர் அபார்த்:
எல்லாரும் மறந்துவிட்ட வண்டியை நான் நினைவுபடுத்துகிறேன். ஃபியட் அபார்த் புன்டோ, 2015 அக்டோபர். 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ, 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், ஹைட்ராலிக் ஸ்டியரிங். ஷோரூம் விலை பத்து லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவு. அதை விற்க விடாமல் செய்தது யார்? மைலேஜ் எவ்வளவு, ரீசேல் எவ்வளவு என்று கேட்ட நீங்கள் எல்லாரும்தான். அன்று அதை வாங்கியிருந்தால் இன்று 120 பிஎஸ்க்குக் கோடு போட்டு ரேசர் என்று பெயர் வைக்கிற நிலைமையும் வந்திருக்காது, 1 லிட்டர் எஞ்சினுக்கு என் லைன் என்று பேட்ஜ் குத்துகிற நிலைமையும் வந்திருக்காது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போலோ காட்பாடி:
அபார்த் பாய், அஞ்சு கியர்தானே? அடிப்படை 2009ல் வந்த புன்டோதானே? ஷோரூமைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்ததை ஏன் சொல்லவில்லை?

ஆம்பூர் அபார்த்:
போனால் என்ன? ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போவதே அந்தக் காரை வாங்குவதற்கான காரணம். ஓட்ட ஆசை இல்லாதவன் ஏன் இங்கே எழுதுகிறான்?

சத்துவாச்சாரி என்லைன்:
அபார்த் பாய் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் என்று எழுதியதை எல்லாரும் கவனியுங்கள். 2015லேயே. மாருதி கூட 2017ல் பலேனோ ஆர்எஸ் விட்டபோது பின்னால் டிஸ்க் கொடுத்தது, அது 102 பிஎஸ்தான். ஏழு வருஷம் கழித்து வந்த 120 பிஎஸ் ரேசருக்கு டிரம்.

என் கதையையும் சொல்கிறேன். முன்பு வேறொரு வண்டி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம், பின்னால் டிரம். குடும்பத்தோடு ஏலகிரி இறங்கும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தினேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். வீட்டம்மா குழந்தையை இறக்கித் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவர் ஓரம் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்று முடிவு செய்தேன், இனி என் வீட்டில் டிரம் வராது. சும்மா வாயில் வந்ததைப் பேசுகிறவன் இல்லை நான்.

ராணிப்பேட்டை ரேசர்:
எந்த கியரில் இறங்கினீர்கள்?

சத்துவாச்சாரி என்லைன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ராணிப்பேட்டை ரேசர்:
எல்லா சம்பந்தமும் உண்டு. மலை இறங்கும்போது ரெண்டாவது கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஒரு தொடு தொட்டால் போதும். நாலாவது கியரில் விட்டுக் கீழே வரை காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் எந்தப் பிரேக்கும் எரியும், டிஸ்க்கும் எரியும், எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சாகும். பெடல் பஞ்சானால் அது எண்ணெய்க் கோளாறு. பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அதைச் சொல்லாமல் பழியை டிரம் மேல் போடாதீர்கள்.

சத்துவாச்சாரி என்லைன்:
எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் பிறப்பதற்கு முன்பே அணைக்கட்டு ரோட்டில் லாரி கிளீனராக இருந்து ஓட்டப் பழகினவன். பின்னால் டிரம் இருந்தது, சூடானது. அவ்வளவுதான்.

திருப்பத்தூர் மைந்தன்:
ஒரு விஷயம். தொடர்ந்து படித்து வருகிறேன், ஏலகிரியை வேலூர் மலை மாதிரியே எல்லாரும் பேசுகிறீர்கள். ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். 2019ல் பிரித்தாகிவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் எங்களுடையவை.

ஆம்பூர் அபார்த்:
மாவட்ட ஆபீஸ் எங்கே இருந்தால் என்ன, நாங்கள் வட ஆற்காடுதான். பேச வந்தது பிரேக்.

திருப்பத்தூர் மைந்தன்:
வட ஆற்காடு என்று ஒரு மாவட்டம் இப்போது கிடையாது. பழைய பெயரைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் எங்களுக்கு ஒரு நல்ல ரோடு வராமல் செய்தீர்கள். பெரிய ஆஸ்பத்திரியும் வேலூரில், காலேஜும் வேலூரில், கலெக்டரும் வேலூரில்.

ஆற்காடு பட்டறை:
பெயரில் ஆற்காடு இருக்கிறதே, ஆற்காடு எங்கே போனது தெரியுமா, ராணிப்பேட்டை மாவட்டத்தில். நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? விடுங்கப்பா.

சத்துவாச்சாரி என்லைன்:
மலை எந்த மாவட்டமாக இருந்தாலும் இறக்கம் இறக்கம்தான், டிரம் டிரம்தான்.

ராணிப்பேட்டை ரேசர்:
சரி, பாதுகாப்பு பற்றிப் பேசுவோம், நீங்கள்தான் வீட்டம்மா, குழந்தை என்று ஆரம்பித்தீர்கள். ஆல்ட்ராஸ் 2020ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு அஞ்சு ஸ்டார். ஐ20 2022ல் மூணு ஸ்டார், அதோடு வண்டிக்கூடு நிலையாக இல்லை என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். பிரேக் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் எதிரே வருகிறவன் தப்பு செய்வான். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ராத்திரி லைட் இல்லாமல் நிற்கிற லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே பின் டிஸ்க்கா காப்பாற்றும்?

சத்துவாச்சாரி என்லைன்:
அங்கேதான் பிரேக் காப்பாற்றும்! லாரியைப் பார்த்ததும் மோதிக்கொண்டு ஸ்டார் எண்ணுவீர்களா, நிறுத்துவீர்களா? தவிர, அவர்கள் மோதின ஐ20யில் ரெண்டு ஏர்பேக். இப்போது என் லைனில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு.

ராணிப்பேட்டை ரேசர்:
அவர்கள் மோதின ஆல்ட்ராஸிலும் ரெண்டே ஏர்பேக்தான். அதே ரெண்டு ஏர்பேக்கில் ஒன்று அஞ்சு, ஒன்று மூணு. ரேசரிலும் இப்போது ஆறு இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு டிரம்முக்குப் போங்கள்.

சத்துவாச்சாரி என்லைன்:
பின்னால் டிரம் வைத்த வண்டிக்கு அஞ்சு ஸ்டார் அவசியம்தான், அடிக்கடி மோத வேண்டியிருக்கும்.

ராணிப்பேட்டை ரேசர்:
இது பதிலா? ஒரு நல்ல வண்டியைப் பற்றி ஊரில் தப்பான பேச்சைக் கிளப்பிவிடுகிறீர்கள், அந்தத் தம்பி பயந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறான், கேட்டால் கிண்டல்.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். மாவட்டப் பேச்சுக்கு வேறு பகுதி இருக்கிறது. காரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

சத்துவாச்சாரி என்லைன்:
காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஹூண்டாய் ஐ20 என்கிற பெயர் உலக ராலியில் 2019, 2020 ரெண்டு வருஷமும் கம்பெனிகளுக்கான பட்டத்தை வாங்கின பெயர். 2024ல் தியரி நூவில் ஓட்டுநர் பட்டம் வாங்கினதும் ஐ20யில்தான். நாம் ஓட்டுகிற ஐ20 நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. சென்னை போகும்போது ரோட்டிலேயே பார்க்கலாம், புது வண்டிகளை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வரிசையாக வெளியே வரும். நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே ஷிப்ட்டுக்குப் போய் வருகிறார்கள். தமிழ்நாட்டில் செய்த கார்.

போலோ காட்பாடி:
ராலி ஓடின வண்டி 1.6 லிட்டர் டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும். உங்களுடையதில் முன் சக்கரம் மட்டும். அசல் ஐ20 என் என்று ஐரோப்பாவில் விற்றார்களே, 204 பிஎஸ், 275 நியூட்டன் மீட்டர், அதை இந்தியாவுக்குத் தரவே இல்லை. நமக்குக் கொடுத்தது 'என்' எழுத்தோடு ஒட்டின ஒரு 'லைன்'. நாங்களாவது அசல் போலோ ஜிடிஐயைப் பார்த்தோம், 192 பிஎஸ், விலை 26 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் வந்தது.

சத்துவாச்சாரி என்லைன்:
மூணு கதவு வண்டியை 26 லட்சத்துக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் அண்ணா?

போலோ காட்பாடி:
தகுதி இருந்தவர்கள் வாங்கினார்கள்.

ராணிப்பேட்டை ரேசர்:
தமிழ்நாட்டுக் கார் என்று மார்தட்டுவதால் ஒன்று சொல்கிறேன். 2024 செப்டம்பரில் டாடாவின் புது ஆலைக்கு அடிக்கல் நாட்டினது எங்கே? பனப்பாக்கத்தில். எங்கள் ராணிப்பேட்டை மாவட்டம், 9000 கோடி முதலீடு. இருங்காட்டுக்கோட்டை உங்களுக்கு நம்ம ஊர் என்றால் பனப்பாக்கம் என்ன ஊர்?

சத்துவாச்சாரி என்லைன்:
உங்கள் ரேசர் புனேயில் செய்தது. பனப்பாக்கத்து வண்டிக்காவது பின்னால் டிஸ்க் போடச் சொல்லி ஒரு மனு கொடுங்கள்.

ஆம்பூர் அபார்த்:
இருங்காட்டுக்கோட்டை என்றதும் நினைவு வருகிறது, அங்கேதான் 1990லிருந்து ரேஸ் தடமும் இருக்கிறது. வாயால் பிரேக் அடிப்பதை விட்டுவிட்டு ரெண்டு பேரும் அங்கே போய் ஓட்டுங்கள். ஏலகிரியில் வேண்டாம், அது பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற ரோடு.

ராணிப்பேட்டை ரேசர்:
நான் தயார். தேதி சொல்லட்டும், பணம் என் பங்கைக் கட்டுகிறேன். ஆனால் ரெண்டு வண்டிக்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு டயர். அப்போதுதான் பிரேக்குக்கும் பிரேக்குக்கும் போட்டி.

சத்துவாச்சாரி என்லைன்:
அது எப்படி? ஷோரூமிலிருந்து வந்த வண்டி வந்தபடி ஓட வேண்டும். 185 டயரோடு விற்றது உங்கள் கம்பெனி, அதை நான் ஏன் சரி செய்து தர வேண்டும்? டயரை மாற்றுவேன் என்றால் டிரம்மையும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஆற்காடு பட்டறை:
ஒரு சுற்றில் ஒன்றும் தெரியாது. இடைவிடாமல் பத்துச் சுற்று ஓட்டி, கடைசிச் சுற்றில் எது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்கணும். சித்திரை வெயிலில் பார்க்கணும். புது பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டு வரணும், ரெண்டு பேரும்.

ராணிப்பேட்டை ரேசர்:
பட்டறை அண்ணன் சொன்னதற்கு நான் சம்மதம். டயர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி என்லைன்:
டயரை மாற்றினால் நான் வரவில்லை. வந்தபடி வந்தால் நாளைக்கே வருகிறேன். இத்தனை பதிவு தாண்டியும் ஒருவரும் தொடாத கேள்வியைக் கேட்கிறேன்: டிஸ்க் தேவையில்லை என்றால் முன்னாலும் டிரம்மே போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை?

ராணிப்பேட்டை ரேசர்:
முன்னால் எடை விழுகிறது என்று முதலிலேயே எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள்.

சத்துவாச்சாரி என்லைன்:
படித்தேன். பின்னால் டிரம்.